அரசர் அறியாத அறுபத்தேழு நாட்கள்

ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், காடும் வயலும் கலந்து கிடக்கும் கற்சிலைமடு என்னும் சிற்றூரில் நெடுங்காலம் ஒரு கல் நின்றது. அதில் ஆங்கில மொழியிற் பொறித்திருந்த செய்தி மிகச் சுருக்கமானது. 1803 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆந் தேதி இவ்விடத்திற்கு அருகே கப்டன் வொன் டிறிபேர்க் என்பவர் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதே அது. போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டுவது தமிழர் மரபு. இந்தக் கல்லோ வென்றவர் பெயரை முன்னே நிறுத்தித் தோற்றவன் பெயரைப் பின்னே வைத்தது. ஆயினும், அவ்வழியே மாட்டுவண்டியிற் சென்ற வன்னிக் கமக்காரர் எவரும் வென்றவரை நினைந்து தலைவணங்கியிருப்பார் என்று நாம் எண்ணவில்லை. ஆண்டுதோறும் மக்கள் நினைவுகூர்ந்து வருவது தோற்றவனையே. 2010 இல் அக்கல் உடைக்கப்பட்டது.

கல் கூறியது வெற்றியின் நாளை மட்டுமே. சண்டை எதன் பொருட்டு என்பதை அது கூறவில்லை. கடல் கடந்து, கண்காணாத் தொலைவில் வீற்றிருக்கும் ஒரு முடியின் கீழ் நாம் ஏன் இருத்தல் வேண்டும் என்ற வினாவை உலகில் எத்தனையோ நாட்டார் கேட்டிருக்கின்றனர். சிலர் அதனை நூலாக எழுதினர். சிலர் மன்றங்களில் பேசினர். வன்னி நாட்டிலே அவ்வினா முதலில் வாளாலும் துவக்காலும் கேட்கப்பட்டது. அந்த வினாவுக்கு இந்த மண்ணில் என்ன பொருள் இருந்தது என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் கதையைக் கூறிவிடுவோம். இலங்கையின் கரையோர நாடுகள் ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியதற்கு இலங்கையில் நிகழ்ந்த ஒன்றும் காரணமன்று. பிரெஞ்சுப் படை ஒல்லாந்து நாட்டினுட் புகுந்தது. அந்நாட்டு அதிபர் இங்கிலாந்துக்கு ஓடி ஒளிந்தார். அங்கே கியூ என்னும் இடத்திலிருந்து, தம் குடியேற்ற நாடுகளை ஆங்கிலேயர் பாதுகாப்பில் விடுமாறு 1795 இல் கடிதங்கள் எழுதினார். அடைக்கலம் புகுந்த ஒருவர் எழுதிய கடிதத்தால் முல்லைத்தீவும் மன்னாரும் யாழ்ப்பாணமும் கைமாறின. வீட்டுக்காரரைக் கேளாமலே வீட்டை விற்றுக் குடியிருப்போரையும் விலையிற் சேர்த்துக்கொண்டது போன்ற கதை இது. 1802 இல் இலங்கை பிரித்தானிய முடியின் நேராட்சிக்குட்பட்ட குடியேற்ற நாடாயிற்று. தேசாதிபதியாக இருந்தவர் பிரெடெறிக் நோர்த்.

மறு ஆண்டிலே கண்டியரசனோடு போர் மூண்டது. 1803 யூன் மாதத்திற் கண்டியிலிருந்த ஆங்கிலப் படை சரணடைந்து அழிந்தது. அந்தச் செய்தி காடுகளூடே வடக்கே பரவிய காலத்திலேதான் பண்டாரவன்னியன் எழுந்தான். ஓகஸ்ட் 25 ஆந் தேதி முல்லைத்தீவிலிருந்த அரசாங்க மனையையும் கோட்டையையும் தாக்கிக் கைப்பற்றினான். அங்கிருந்த பீரங்கிகளும் அவன் வசமாயின. காவற்படையினர் கடல்வழியே தப்பிச் சென்றனர். பின்னர் வடபாற் பகுதிகளிற் படர்ந்து ஆனையிறவு வரையும் அவன் சென்றான் என்று வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895 இல் விரிவான நூல் வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரியே எழுதியிருக்கின்றார். யாழ்ப்பாணம், மன்னார், திருக்கோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகள் ஏவப்பட்டன. ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் முடிவு நேர்ந்தது.

ஓகஸ்ட் 25 முதல் ஒக்டோபர் 31 வரை எண்ணிப் பாருங்கள்: 67 நாட்கள். அக்காலத்திற் கொழும்பிலிருந்து புறப்பட்ட கப்பல் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இலண்டன் துறைமுகத்தை அடைய ஐந்தாறு மாதங்கள் செல்லும். ஆகவே, முல்லைத்தீவுக் கோட்டை விழுந்த செய்தி கடலின் நடுவே மிதந்துகொண்டிருந்தபோதே அக்கோட்டை மீட்கப்பட்டாயிற்று. யாருடைய பெயராற் சண்டை நடந்ததோ அந்த அரசர், சண்டை தொடங்கியதையும் அறியார், முடிந்ததையும் அறியார். அவர் பெயரால் வீடுகள் எரிந்தன. அவர் பெயராற் பிள்ளைகள் அநாதைகளாயினர். இலண்டனிலோ வழக்கம்போல அரசவை கூடியது.

அந்த அரசர் யார்? மூன்றாம் ஜோர்ஜ் மன்னர். வரலாறு படிக்கும் மாணவர் இப்பெயரைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காருவர். 1776 இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் பதின்மூன்றும் எந்த மன்னரின் ஆட்சி வேண்டாம் என்று பிரகடனம் செய்தனவோ, அதே மன்னரே இவர். 60 ஆண்டுகள் அரசிருக்கையில் இருந்த இவர், தம் பரம்பரைக்குரிய ஹனோவர் நாட்டையே ஒருமுறையேனும் சென்று பார்த்தவரல்லர். அது இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு கடலைத் தாண்டியவுடன் உள்ள நாடு. அங்கேயே செல்லாதவர் முள்ளியவளைக்கு எங்ஙனம் வருவார்? இன்னும் ஒன்று. கண்டி இராச்சியம் முழுவதையும் இம்மன்னருக்கு உரிமையாக்கிய உடன்படிக்கை 1815 மார்ச்சு 2 ஆந் தேதி கைச்சாத்தாயிற்று. அப்பொழுது அவர் கண்பார்வை இழந்து, சித்தம் கலங்கி, அரண்மனையில் அடைபட்டிருந்தார். மகனார் பதிலாளராக ஆண்டுகொண்டிருந்தார். தமக்கு ஓர் இராச்சியம் வந்து சேர்ந்ததை உணரும் நிலையில் அந்த முதியவர் இல்லை. இதை நாம் இகழ்ச்சிக்காகக் கூறவில்லை. நோயுற்றவர் எவரும் இரங்கத்தக்கவரே. ஆனால், ஒரு மனிதரின் பெயரால் ஆள்வதற்கு அம்மனிதர் காணவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம், அறிவோடு இருக்கவும் வேண்டாம் என்றால், அந்த ஆட்சி உண்மையில் யாருடைய ஆட்சி?

அமெரிக்கர் இதே வினாவை அச்சிலேற்றிக் கேட்டனர். 1776 தொடக்கத்திலே தோமஸ் பெயின் என்பவர் எழுதிய சிறு நூல் பல்லாயிரம் பிரதிகள் விற்பனையாயிற்று. அவர் காட்டிய நியாயங்களுட் சில, படிப்பறிவு இல்லாதவரும் தலையசைக்கத் தக்கவை. அரசுரிமை பிறப்பால் வருவது பகுத்தறிவுக்கு ஒவ்வாது. ஒரு சிறு தீவு பெருங்கண்டத்தை என்றென்றும் ஆள்வது இயற்கைக்கு ஒவ்வாது. விண்ணப்பம் எழுதியனுப்பி மறுமொழி பெற மாதக்கணக்காகக் காத்திருக்கும் மக்களின் காரியம் எதுவும் ஒழுங்காக நடவாது. ஆளும் நாடு தன் அயலாரோடு பிணங்குந்தோறும் ஆளப்படும் நாடும் அப்பிணக்கினுள் இழுக்கப்படும். கடைசி நியாயத்தை வன்னிக்குப் பொருத்திப் பார்க்க நீண்ட ஆராய்ச்சி வேண்டியதில்லை. கியூவிலிருந்து எழுதிய கடிதங்களே போதிய சான்று.

வன்னியில் அச்சுக்கூடம் இருக்கவில்லை. பெயினைப் போன்ற எழுத்தாளரும் தோன்றவில்லை. பண்டாரவன்னியனை நாம் குடியாட்சிவாதியாக ஆக்கிக் காட்டவும் விரும்பவில்லை. அவன் தன் முன்னோரின் அதிகாரத்தை மீட்க எழுந்த ஒரு தலைவன். பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை முதலிய பற்றுகளை ஆண்ட வன்னியர்கள் குடிகளிடம் ஊழியம் கொண்டனர். தமக்குள்ளே பிணக்குப்பட்டும் இருந்தனர். நாட்டுக்கூத்துக்களிற் காக்கைவன்னியன் என்னும் காட்டிக்கொடுப்போன் வந்து நிற்கும்போது சிறுவர் முதலாகச் சினந்து கூச்சலிடுவதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். அந்தப் பாத்திரம் மக்கள் மனத்தில் நிலைத்திருப்பது, உட்பகை பற்றிய கசப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஓர் அடையாளம்.

ஆயினும் வன்னியர் ஆட்சியில் ஒரு தன்மை இருந்தது. பறங்கியருக்கும் ஒல்லாந்தருக்கும் அவர்கள் திறையாக யானைகளை அளித்தனர். காட்டிற் பிடித்த யானைகள் ஆனையிறவுக் களப்பைக் கடந்து குடாநாட்டினுட் செலுத்தப்பட்டு, ஊர்காவற்றுறையிலே கப்பலேற்றப்பட்டன. திறை செலுத்துவதைத் தாமதிப்பதும், குறைப்பதும், கேட்க வந்தவருக்கு நொண்டிச்சாட்டுக் கூறுவதும் வன்னியரின் நெடுநாள் வழக்கம். ஒல்லாந்தர் சலித்துப்போய் 1782 இற் படையெடுத்து அவர்களை அடக்கினர். யானையைக் கொடுத்தாலும் காட்டையும் குளத்தையும் ஊரார் தம் வசமே வைத்திருந்தனர் என்பதே நாம் குறிக்கவந்த தன்மை. முடியாட்சி வந்தபின் மாறியது இதுதான்.

வன்னியில் ஊர் என்றாலே குளம். குளமொன்று பாட்டன் காலத்திற் கட்டிவிட்டதனால் நிலைத்துவிடுவதன்று. மாரி தொடங்குமுன் அணைக்கட்டிலே மாடு மிதித்துச் சரிந்த இடம், எலி தோண்டிய வளை, வேரோடி வெடித்த பகுதி எல்லாவற்றையும் பார்த்து மண் இடல் வேண்டும். துருசைச் சோதித்தல் வேண்டும். வான் பாயும் இடத்தைச் சீர்செய்தல் வேண்டும். வயற்பங்கு எவ்வளவோ அவ்வளவுக்கு அணையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நீளம் உண்டு. தன் பங்கை ஒருவன் விட்டுவிட்டால் ஊர் முழுவதும் அழியும். ஆகவே வரமாட்டேன் என்பவனை வரச்செய்வதற்கு ஓர் அதிகாரம் ஊரில் இருந்தே ஆகவேண்டும்.

இலண்டனிலிருந்து வந்த விசாரணைக்குழுவினர் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் கொடுமையானது என்று கண்டு அதனை ஒழிக்குமாறு பரிந்துரைத்தனர். 1832 இல் அது ஒழிக்கப்பட்டது. நல்ல காரியம், மனித உரிமையை மதிப்பவர் எவரும் அதைக் குறைகூறார். ஆனால், பிரபுவின் வளவிற் சம்பளமின்றி வேலை செய்வதும் ஊர்க் குளத்துக்குத் தன் பங்கு மண்ணை இடுவதும் வேறு வேறு என்பதை வேறுபடுத்தி உணர, வைகாசி வெயிலில் ஒருநாளாவது குளக்கட்டில் நின்றிருத்தல் வேண்டும். சட்டம் இரண்டையும் ஒரே கோலால் அளந்தது. பழைய கட்டுப்பாடு அறுந்தது, புதியது பிறக்கவில்லை. குளவேலைக்கான ஊர்வழக்கத்தைச் சட்டத்தால் மீட்டெடுக்க, சேர் ஹென்றி வார்ட் தேசாதிபதியாக இருந்த 1856 ஆம் ஆண்டு வரவேண்டியதாயிற்று. இடைப்பட்ட 24 மாரிகளில் உடைந்த கட்டுகளை எண்ணிச் சொல்வார் யார்? குளம் உடைந்த ஊரிற் காடு புகுந்தது. காட்டோடு காய்ச்சல் புகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வன்னியைக் கண்டெழுதிய ஆங்கில அதிகாரிகள், குடிமெலிந்த ஊர்களைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினர். தீய எண்ணத்தாலன்றி நல்லெண்ணத்தாலேயே இத்தீங்கு விளைந்தது என்பதுதான் இதிற் கவனிக்கத்தக்கது. தொலைவிலிருந்து ஆளும் ஆட்சிக்கு எதிரான வாதங்களுள் வலிமைமிக்கது இதுவே என்று நாம் கருதுகின்றோம்.

குளத்தின் கதை இவ்வாறாக, காட்டின் கதை வேறு. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரின்றியும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்கே உரியதென்று கொள்ளப்படும் என விதித்தது. வன்னியிலோ ஒருமுறை சேனை வெட்டிப் பயிரிட்ட நிலத்தைப் பல ஆண்டுகள் ஆறவிட்டு மீண்டும் திருத்துவது வழக்கம். ஆறவிட்ட நிலம் பார்வைக்குக் காடே. தேன் எடுத்த மரமும், வீட்டுக்கு வளை தறித்த இடமும், பட்டி மாடு மேய்ந்த வெளியும் எந்த உறுதியிலும் எழுதப்பட்டவையல்ல. "உறுதி எங்கே?" என்று கச்சேரியிற் கேட்டபோது, "பாட்டன் உழுதார்" என்பதே கமக்காரனின் மறுமொழி. அந்த நாளில் வழக்கிற்கு வந்த சொல்லே 'முடிக்குரிய காணி' என்பது. ஐயாயிரம் மைலுக்கப்பால் ஒருவர் தலையில் இருந்த பொன்முடிக்கு நெடுங்கேணிக் காட்டில் ஒரு பாலை மரம் உரித்தாயிற்று.

1848 இல் டொரிங்டன் பிரபுவின் ஆட்சியில் துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும் அல்லது மூன்று சிலின் கட்டல் வேண்டும் என்றும் சட்டம் பிறந்தது. கண்டிப் பகுதிகளிற் கலகம் மூண்டு பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். காட்டோரத்தில் வாழ்பவனுக்கு நாய் பொழுதுபோக்கன்று. பன்றியும் யானையும் பயிரை அழியாதிருக்க இரவெல்லாம் விழித்திருக்கும் துணை அது. விக்டோரியா அரசியார் நாய்களிடம் பேரன்பு கொண்டவர் என்பது உலகறிந்த செய்தி. அவர் ஒருமுறை காவற்கொட்டிலில் ஓர் இரவு தங்கியிருந்தால் இச்சட்டம் வந்திருக்குமா என்று எண்ணத் தோன்றுகின்றது.

மறுபக்கத்து நியாயத்தையும் கூறாதுவிடல் முறையன்று. தெரு வந்தது, 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவெய்திற்று, பாடசாலையும் மருத்துவமனையும் நீதிமன்றமும் வந்தன, இரணைமடு போன்ற பெருங்குளமும் அவ்வாட்சியின் பிற்காலத்திலேயே எழுந்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றுக்கான பணம் இந்நாட்டு வரிப்பணம். மண் சுமந்த தோள்களும் இந்நாட்டில் உழைத்தவர்களுடையவை. எந்திரவியல் அறிவைக் கற்றுக்கொள்ள ஒரு நாடு தன் தலைவிதியையே அடகு வைத்தல் வேண்டும் என்பது ஏற்கத்தக்கதன்று.

இந்த வாதம் பின்னர் மேடையேறியது. ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் நடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், அரைகுறைச் சீர்திருத்தம் வேண்டாம், பூரண சுயராச்சியமே வேண்டும் என்று கூறி 1931 ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. தென்னிலங்கைத் தலைவர்கள் பலர் கிடைத்ததைப் பெற்றுக்கொள்வோம் என்றிருந்த வேளையில், முழு விடுதலை கேட்டு நாற்காலிகளை வெறுமையாக விட்டவர்கள் தமிழ் இளைஞர் என்பதை நம் பாடநூல்கள் இன்னும் உரத்துக் கூறலாம். அப்பகிஷ்கரிப்பு அரசியலில் நன்மை பயந்ததா என்பது வேறு வினா. அதனை அன்றே கண்டித்தவர்கள் உளர்.

1948 பெப்ரவரி 4 ஆந் தேதி சுதந்திரம் வந்தது. ஆயினும் முடி போய்விடவில்லை. ஆறாம் ஜோர்ஜ் மன்னரும் அவருக்குப்பின் எலிசபெத் அரசியாரும் இலங்கைக்கும் முடியுடையோராக இருந்தனர். முல்லைத்தீவுக் காணி வழக்கொன்று படிப்படியாக ஏறிச் சென்றால் அதன் கடைசித் தீர்ப்பு இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்திற் கிடைக்கும் என்ற நிலை 1971 வரையும் நீடித்தது. 1972 மே 22 ஆந் தேதி இலங்கை குடியரசாயிற்று. கற்சிலைமடுச் சண்டை நடந்து 169 ஆண்டுகளின் பின் முடி கழன்று வீழ்ந்தது.

வன்னி அன்று கொண்டாடியிருத்தல் வேண்டும் அன்றோ? கொண்டாட முடியவில்லை. ஏனெனில், புதிய யாப்பு முடியை நீக்கியதோடு, சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டங்களைத் தடைசெய்திருந்த சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவையும் நீக்கிவிட்டது. தமிழரசுக் கட்சியினர் அரசியல் நிர்ணய சபையை விட்டு 1971 இலேயே வெளியேறியிருந்தனர். சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கிலே, அரச ஊழியர் தம் சம்பளத்துக்காக முடிமீது வழக்காட முடியும் என்று 1969 டிசெம்பரிற் கூறியது, நாம் தொலைவென்று குறைகூறிய அதே கோமறைக் கழகந்தான். தொலைவிலிருந்தவர் செவிசாய்த்ததும், அருகிலிருந்தவர் செவிமூடியதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இதனைக் காட்டி, பழைய முடியே நன்று என்று கூறுவோர் இன்றும் சிலர் உளர். நாம் அவர்களோடு உடன்படவில்லை. 1840 இற் காட்டைப் பறித்ததும் அந்த முடிதான். ஆனால், மைல்கள் குறைந்தவுடன் தொலைவு குறைந்துவிடும் என்று நம்பியவர்கள் கணக்கில் ஏதோ தவறிவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் என்று 1947 இல் ஆக்கப்பட்ட சட்டத்தின் பெயர் பின்னர் அரச காணிகள் கட்டளைச் சட்டம் என்றாயிற்று. 'முடி' இருந்த இடத்தில் 'அரசு' வந்து அமர்ந்தது. காணி அங்கேயே கிடந்தது. போர் முடிந்து எட்டாண்டுகளின் பின், 2017 யனவரி இறுதியில், நந்திக்கடலோரத்துக் கேப்பாப்புலவில் பிலவுக்குடியிருப்பு மக்கள் படைமுகாமின் வாயிலுக்கு முன்னே தெருவோரத்தில் அமர்ந்தனர். தாய்மாரும் குழந்தைகளும் பனியிலும் வெயிலிலும் அங்கேயே உண்டு உறங்கினர். அவர்கள் கேட்டது வேறு நாடன்று, வேறு அரசன்று. வேலிக்கு அப்பால் தம் கண்ணுக்குத் தெரிந்த தம் வளவு. ஒரு மாதத்தின் பின், மார்ச்சு முதலாந் தேதி, அவ்வளவுகள் சில விடுவிக்கப்பட்டன. அயலிலே எஞ்சிய காணிக்காக ஏனையோர் தொடர்ந்து அமர்ந்திருந்தனர்.